திருமணி நோயாளியின் பாத்தியதை

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் குஷ்டரோக வைத்தியசாலை இருப்பதை நேயர்கள் அறிவார்கள். பிச்சையெடுக்கும் ஏழைக்கு அந்நோய் கண்டால், போலீஸார் வாரண்டின்றியே பிடிக்கலாம் என்றது 1898-ஆம் வருஷத்துச் சட்டம். அவன் நோயாளியா, கைதியா? மத்திய சர்க்கார் அதை ரத்துச் செய்தது 2016-ல்தான்! அந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் வழி 2019-ல் அடைபட்டது.

இந்தப் பாத்தியதைகளுக்கு அடிகோலியது மருந்தே. 1946-ல் இதே திருமணியில் டாக்டர் காக்ரேன் ஸல்போன் ஊசியைப் பரீக்ஷித்தார். இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. நோயின் தன்மைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொள்ள வேண்டும். தேமல் மங்கியதும் மாத்திரையை நிறுத்துவோரும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமென்று மறைக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. உணர்ச்சியற்ற தேமலை உடனே வைத்தியரிடம் காட்டுவதைக் கடமையென்றே கருதுகிறோம். விரல் மடங்கிய பின் வந்தால், மருந்து கிருமியைக் கொல்லும், விரலை நிமிர்த்தாது.