ஏர் ஃப்ரையர் டோனட்: எண்ணெய் குறைந்தது, மாவுச்சத்து குறையவில்லை

‘ஏர் ஃப்ரையரில் செய்தால் டோனட் கொடுக்கலாமா, டாக்டர்?’ முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோர் அண்மைக் காலமாக எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கொடுக்கலாம் என்பதே எங்கள் விடை. ஆனால், எண்ணெய் இல்லாததால் அது தீங்கற்றது என்று கருதிவிடக் கூடாது.

ஏர் ஃப்ரையர் என்பது விசிறி பொருத்திய ஒரு சிற்றடுப்பு. சூடான காற்றை வேகமாகச் சுழற்றி, உணவின் மேற்பரப்பை அது மொறுமொறுப்பாக்குகிறது. எண்ணெயில் பொரித்த டோனட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாகும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருப்பதால், இங்கே கிடைக்கும் ஆதாயம் உண்மையானதே. ஆனால், இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துபவை மைதாவும் சர்க்கரையும். இவ்விரண்டையும் எந்தக் கருவியாலும் குறைக்க இயலாது.

வீட்டில் செய்வதன் பெரும் பயன் வேறொன்று: அளவு நம் கையில் இருக்கிறது.

ஆறு டோனட்டுகளுக்கு 125 கிராம் மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 25 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து சலித்துக்கொள்ளவும். துணியில் வடித்த கெட்டித் தயிர் அரைக் கோப்பை எடுத்து, சிறிது சிறிதாகச் சேர்த்து மென்மையாகப் பிசையவும். பத்து நிமிடம் மூடி வைத்தபின் ஆறு சம உருண்டைகளாக்கி, தட்டி, நடுவே துளையிடவும். மேலே எண்ணெயை இலேசாகத் தடவவும். 175 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கிய கருவியில் இடைவெளி விட்டு அடுக்கி, எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிடவும். பாதி நேரத்தில் திருப்பிவிடவும். பொன்னிறமே போதும். மாவுப்பண்டம் கருகக் கருக, அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் கூடும்.

இவ்வளவில் ஒரு டோனட்டில் ஏறத்தாழ 21 கிராம் மாவுச்சத்து இருக்கும். இது நடுத்தர அளவுள்ள இரண்டு இட்லிகளுக்கு ஒப்பாகும். இன்சுலின் போடும் குழந்தைக்கு, மருத்துவர் வகுத்துத் தந்த விகிதப்படி இந்த எண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பாகோ சாக்லேட்டோ மேலே பூசினால் கணக்கு மாறிவிடும். பட்டைத் தூள் தூவினால் மாறாது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரியவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதையும் மாலைச் சிற்றுண்டிக்குப் பதிலாக உண்ண வேண்டுமேயன்றி, கூடுதலாக அன்று.

இரண்டு எச்சரிக்கைகள். பேக்கிங் பவுடரில் சோடியமும், பல வகைகளில் பாஸ்பேட்டும் உண்டு. சிறுநீரக நோயாளிகள் உணவியல் ஆலோசகரைக் கேட்டபின் உண்ணவும். சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும்போது டோனட் கொடுக்க வேண்டாம். அது மெதுவாகவே செரிக்கும். விழிப்புடன் விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு உடனடித் தேவை நீரில் கரைத்த குளுக்கோஸ்தான்.

பிறந்தநாள் விழாவில் நீரிழிவுள்ள குழந்தை மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் அதே டோனட்டைப் பரிமாறுங்கள். உங்கள் குழந்தைக்கு மட்டும், அதற்குரிய இன்சுலினை முன்னதாகவே கணக்கிட்டு வையுங்கள்.