கறுப்பு காரும் 1000 லூமன் லைட்டும்

போன செமஸ்டர் லீவுல மாமாவோட கார் டீட்டெய்லிங் ஷெட்ல ஒரு மாசம் வேலை பார்த்தேன். கோவையில, பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். மேல ஆறு டியூப்லைட். அங்க ஒரு கறுப்பு செடான் வந்தது. ரெண்டு நாள் முழுக்க பாலிஷ் போட்டோம். ரெண்டாவது நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டில முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி இருந்தது. ஓனர் சந்தோஷமா பணம் கொடுத்து எடுத்துட்டுப் போனார்.

மறுநாள் மதியம் போன் வந்தது. "என்னங்க, வெயில்ல நிறுத்தினா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி தெரியுதுங்க. நீங்களே வந்து பாருங்க."

மாமா பதில் பேசாம வண்டியத் திரும்ப வரச் சொன்னார். அவர் சொன்னது அப்படியே உண்மை. வெளியில தள்ளினா வலை தெரியுது. ஷெட்டுக்குள்ள தள்ளினா ஒண்ணுமே இல்லை. இத்தனைக்கும் நாங்க டியூப்லைட்டை மட்டும் நம்பல. "1000 லூமன்"னு பெட்டில பெருசா போட்ட ஒரு சார்ஜிங் லைட்டைப் பிடிச்சுத்தான் ஒவ்வொரு பேனலா செக் பண்ணியிருந்தோம். அன்னிக்கு ராத்திரி மாமா மொபைலை நோண்டிக்கிட்டே, "3000 லூமன்ல ஒண்ணு இருக்குடா கண்ணு, போட்டுரட்டுமா?"ன்னார். கொஞ்சம் பொறுங்க மாமான்னு சொல்லிட்டு நான் படிக்க ஆரம்பிச்சேன். அப்போ தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல, இது ஏன் பெரிய விஷயம்? இன்னொரு தடவை பாலிஷ் போட்டுக் கொடுத்துட்டா முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன். அப்படி இல்லை. கார் கலருக்கு மேல கிளியர் கோட்னு நிறமில்லாத ஒரு படலம் இருக்கும். பெரும்பாலான கார்கள்ல அது 40 முதல் 50 மைக்ரான்தான். நம்ம ரெக்கார்டு நோட்டுக்கு வாங்கற ஏ4 தாள் சுமார் 100 மைக்ரான். அதாவது ஒரு தாள்ல பாதி தடிமன். பாலிஷ்ங்கறது கீறலை நிரப்பற வேலை இல்லை. கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைத் தேய்ச்சு எடுக்கற வேலை. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், திரும்ப வராது. சரியாத் தெரியாத வெளிச்சத்துல வேலை செஞ்சா ரெண்டு ஆபத்து: ஒண்ணு, கீறல் இருக்கறப்பவே முடிஞ்சதுன்னு நினைச்சு வண்டிய அனுப்பிருவோம். இன்னொண்ணு, முடிஞ்ச இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்போம். ரெண்டாவதுதான் மோசம். கிளியர் கோட் தாண்டிப் போயிட்டா பேனலை மறுபடி பெயிண்ட் அடிக்கறதைத் தவிர வழியே இல்லை.

இப்ப அந்த வலைக்கு வருவோம். வீட்ல தேய்ச்சுத் தேய்ச்சுப் பழசான எவர்சில்வர் தட்டை ஒரு பல்புக்குக் கீழ பிடிச்சுப் பாருங்க. பல்போட பிம்பத்தைச் சுத்தி வட்ட வட்டமா கீறல் தெரியும். தட்டை நகர்த்தினா வட்டமும் கூடவே நகரும். உண்மையில தட்டுல வட்டக் கீறல் இல்லை. எல்லாத் திசையிலயும் தாறுமாறா இருக்கு. ஒளி வர்ற வழிக்குக் குறுக்க கிடக்கற கீறல் மட்டும்தான் ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்பி விடுது, மத்ததெல்லாம் வேற பக்கம் சிதறடிச்சுருது. அதனால பிம்பத்தைச் சுத்தி இருக்கிறது வட்டமாத் தெரியுது. காரை அழுக்குத் துணியில துடைச்சு வர்ற ஸ்வர்ல் மார்க்கும் இதே கதைதான்.

ஆனா அதே தட்டை டியூப்லைட்டுக்குக் கீழ பிடிச்சா வட்டம் மங்கிரும். கீறல் ஒரு மெல்லிய பளிச் கோடு. அது கண்ணுக்குத் தெரியணும்னா பக்கத்துல இருட்டா இருக்கணும். சின்னப் புள்ளியில இருந்து ஒளி வந்தா, பிம்பம் சின்னதா ஒரு இடத்துல முடிஞ்சுரும், சுத்தி கறுப்பு பெயிண்ட், அதுல கீறல் பளிச்சுன்னு நிக்கும். பெரிய பரப்புல இருந்து ஒளி வந்தா பிம்பமே பானெட்ல பாதியை வெள்ளையாக்கிரும். வெள்ளைக்குள்ள வெள்ளைக் கோட்டை எங்க தேடறது?

எங்க 1000 லூமன் லைட் எப்படிப்பட்டது தெரியுமா? உள்ளங்கை அளவு பேனல், முன்னாடி பால் கலர்ல ஒரு டிஃப்யூசர். அதாவது, ஒரு குட்டி டியூப்லைட்!

சூரியன் ஏன் காட்டிக் கொடுத்ததுன்னு இப்ப புரியும். அது பிரகாசமா இருக்கறதால மட்டும் இல்லை. நம்ம கண்ணுக்கு அது வானத்துல சுமார் அரை டிகிரி அகலம்தான். நாலடி டியூப்லைட் தலைக்கு ரெண்டு மீட்டர் மேல இருந்தா அதோட நீளம் மட்டும் முப்பது டிகிரிக்கு மேல வரும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு ஒண்ணு: 1 சென்டிமீட்டர் அகலமுள்ள எல்இடியைக் கிட்டத்தட்ட 1 மீட்டர் தள்ளிப் பிடிச்சா, அதுவும் அரை டிகிரிதான். சூரியன் சைஸ். ஷெட்டுக்குள்ள வெயில் வேணும்னா தேவை அவ்வளவுதான், திறந்த முகத்தோட ஒரு சின்ன எல்இடி. நம்ம மொபைல் டார்ச்ல இருக்கிறதும் சின்ன எல்இடிதானே. சந்தேகத்தோட அதை அடிச்சுப் பார்த்தேன். 1000 லூமன் காட்டாத வலையை மொபைல் காட்டுச்சு. மாமா ரெண்டு நிமிஷம் பேசவே இல்லை.

அப்போ லூமன் சும்மாவா? சும்மா இல்லை, ஆனா அது லைட்ல இருந்து எல்லாப் பக்கமும் வெளிய வர்ற மொத்த ஒளி. பெயிண்ட் மேல எவ்வளவு விழுதுங்கறது லக்ஸ். 1000 லூமன் பேனல் 120 டிகிரிக்குப் பரப்பி அடிச்சா, 1 மீட்டர்ல நேர் எதிரே சுமார் 320 லக்ஸ் கிடைக்கும். 400 லூமன் லைட் அதை 30 டிகிரிக்குள்ள குவிச்சு அடிச்சா, அதே தூரத்துல 1800 லக்ஸைத் தாண்டும். பேப்பர் கணக்குதான், நிஜத்துல லென்ஸ்ல கொஞ்சம் போகும். இருந்தாலும் யார் ஜெயிச்சாங்கன்னு பார்த்துக்கங்க. தூரமும் முக்கியம். பாதி தூரத்துக்குக் கொண்டு போனா நாலு மடங்கு. இன்வர்ஸ் ஸ்கொயர் லா பரீட்சைக்கு அப்புறம் எனக்கு உதவினது இதுதான் முதல் தடவை.

பெட்டி மேல போட்டிருக்கிற நம்பரே பொய்யா இருந்தா? அதுக்கும் ஒரு சின்ன செக் இருக்கு. இந்த மாதிரி லைட் பலதுல உள்ள இருக்கறது 18650 லித்தியம் செல். சாதாரணமா ஒரு செல் 2600 எம்ஏஹெச், 3.7 வோல்ட். பெருக்கினா சுமார் 9.6 வாட் அவர். நல்ல எல்இடி லைட் மொத்தமா ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் கொடுக்கும். அப்போ 1000 லூமனுக்கு 10 வாட். ஒரு செல்லை வச்சு முழு வெளிச்சத்துல ஒரு மணி நேரம் கூட வராது. "ஒரே செல், 5000 லூமன், 8 மணி நேரம்"னு போட்டிருந்தா மூணுல ஏதோ ஒண்ணு கதை. செல் மேலயே 9900 எம்ஏஹெச்னு அச்சடிச்சிருந்தா யோசிக்கவே வேண்டாம், கீழ வச்சுருங்க. அந்த சைஸ்ல நல்ல செல்லே 3500 பக்கம்தான். இன்னொண்ணு, ஆன் பண்ணின முதல் சில நிமிஷம் மட்டும் முழு வெளிச்சம் கொடுத்துட்டு, சூடு ஏறினதும் தானாவே குறைச்சுக்கற லைட்டும் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எரிய விட்டுப் பார்க்க முடிஞ்சா நல்லது.

அடுத்து சிஆர்ஐ. டீட்டெய்லிங் வீடியோ பார்க்கறவங்க எல்லாரும் இதைத்தான் முதல்ல கேப்பாங்க. ஒரு வெளிச்சத்துல நிறங்கள் எவ்வளவு உண்மையாத் தெரியுதுன்னு 100க்குக் கொடுக்கற மார்க் அது. என் கருத்து: ஸ்வர்ல் மார்க் தேட மட்டும்னா இதுக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கீறலுக்கு நிறம் கிடையாது. ஆனா டச் அப் பெயிண்ட் அடிக்கறீங்க, ஒரு கதவோட சிவப்பும் பக்கத்துப் பேனல் சிவப்பும் ஒத்துப் போகணும்னா கண்டிப்பா 90க்கு மேல வேணும். ஒரு லைட்ல ஒரே மாதிரி தெரியற ரெண்டு பெயிண்ட், இன்னொரு லைட்ல வேற வேறயாத் தெரியலாம். இதுல ஒரு தந்திரமும் இருக்கு. சிஆர்ஐ மார்க் எட்டு வெளிர் நிறங்களோட சராசரி மட்டும்தான். அடர் சிவப்பு, ஆர்9னு சொல்வாங்க, அந்தக் கணக்குலயே வராது. 80 வாங்கின லைட் அடர் சிவப்புல பூஜ்யத்துக்குப் பக்கத்துல நிக்கலாம். எட்டு பேப்பர்ல பாஸ் ஆகி ஒன்பதாவதுல அரியர் வச்ச மாதிரி. டென்மார்க்கோட ஸ்கேன்கிரிப் மாதிரி கம்பெனிகள் கலர் டெம்பரேச்சரை மாத்திக்கற உயர் சிஆர்ஐ லைட்டையே தனியா விக்கறாங்க. பெயிண்ட் ஷாப்புக்கு அது சரி. எங்க ஷெட்டுக்கு அது அதிகம்.

மேக்னெட், ஸ்டாண்ட், தண்ணி எல்லாம் சுருக்கமா. லைட்டுக்கு அடியில இருக்கிற மேக்னெட்டைக் கார் மேல ஒட்டவே ஒட்டாதீங்க. இரும்புத் தூளைப் பிடிச்சு வச்சுக்கிட்டு புதுக் கீறல் போடும். ஷெட் தூண்ல ஒட்டறதுக்குத்தான் அது. தண்ணியும் பாலிஷ் தூசியும் இருக்கிற இடம், ஐபி65 இருந்தா நிம்மதி. சார்ஜ்ல போட்டுக்கிட்டே எரியற மாதிரி பாருங்க. மொபைல் கேமராவைத் திறந்து லைட்டைக் காட்டினா கறுப்புப் பட்டை ஓடுதுன்னா அது மினுக்குற லைட், நாள் முழுக்க அதுல வேலை செஞ்சா கண்ணு வலிக்கும்.

கடையிலயே செக் பண்ண எனக்குத் தெரிஞ்ச சுலபமான வழி, மொபைல் ஸ்க்ரீனை ஆஃப் பண்ணி அதுல லைட்டோட பிம்பத்தைப் பார்க்கறது. ஒரே ஒரு கூர்மையான புள்ளியாத் தெரிஞ்சா எடுத்துக்கலாம். இருபது புள்ளி வரிசையா நின்னா ஒவ்வொண்ணும் ஒரு வட்டம் போட்டு ஒண்ணை ஒண்ணு குழப்பும். வெள்ளைக் கட்டியாத் தெரிஞ்சா அது நம்ம பழைய லைட்டோட தம்பி.

நல்ல லைட் வாங்கியும் ஏமாறலாம். பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலுக்குள்ள உக்காந்து அதை மறைச்சுரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணியால துடைச்சுட்டுத்தான் லைட் அடிக்கணும். லைட்டை ஒரே இடத்துல நிறுத்தியும் பார்க்கக் கூடாது. ரோட்டரி மெஷின் விட்டுட்டுப் போற ஹோலோகிராம் தடம் ஒரே திசையில ஓடும். ஒரு பக்கம் இருந்து பார்த்தா ஜொலிக்கும், இன்னொரு பக்கம் வந்தா காணாமப் போகும். வண்டியைச் சுத்தி நடந்து பார்க்கணும். பார்க்கறப்ப டியூப்லைட் எல்லாத்தையும் அணைச்சுரணும். இது காசே இல்லாத அப்கிரேடு.

டியூப்லைட்டைக் கழட்டி எறியவும் வேண்டாம். டென்ட் கண்டுபிடிக்க அதுதான் ராஜா. நீளமான பிம்பத்தோட விளிம்பு எங்க வளையுதோ அங்க பள்ளம். டென்ட் எடுக்கறவங்க கோடு கோடா இருக்கிற லைட் போர்டு வச்சிருக்கறது இதுக்காகத்தான்.

கறுப்பு செடானுக்கு என்ன ஆச்சுன்னா, மாமா முதல்ல திக்னஸ் மீட்டர் வச்சு பானெட் முழுக்க அளந்தார். நல்லவேளை, இடம் இருந்தது. வலை இருந்த பேனல்களை மட்டும் சாஃப்ட் பேட்ல மெதுவா எடுத்தோம், டியூப்லைட்டை அணைச்சுட்டு, மொபைல் டார்ச்ல பார்த்துப் பார்த்து. காசு வாங்கல. ரெண்டு நாள் கூலி போச்சு. இந்தத் தடவை ஓனரை மதியம் 12 மணிக்கு வரச் சொல்லி, வண்டியை வெயில்ல நிறுத்திக் காட்டிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

அப்புறம் ஒத்தை எல்இடி வச்ச பென் டார்ச் மாதிரி ஒண்ணும், தூண்ல ஒட்டற ஃபோகஸ் லைட் ஒண்ணும் வாங்கினோம். பழைய 1000 லூமன் இப்ப வீல் ஆர்ச்சுக்கு அடியில சேறு கழுவறதுக்கு எரியுது. அந்த வேலைக்கு அது நல்லாவே இருக்கு.