கல்லூரிக் களமும் தொழிற் களமும்

கல்லூரியிலே சிறந்து ஆடும் மாணாக்கன் பிற்காலத்தில் அவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ இயலுமா? ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பல்லாயிரம் இளைஞரையும் அவர்தம் பெற்றோரையும் வாட்டும் வினா இது. அந்நாட்டு உதைபந்தாட்டத்தில் ஒரு குறித்த இடத்திலே நிற்கும் வீரனை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வாம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் எனக் கூறுவது நாம் ஆடும் ஆட்டமன்று. இருமுனையுங் கூம்பிய பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும் முன்னேறுவதே அது. அணிக்கு 11 பேர். பந்தையுடைய அணி நான்கு முயற்சிக்குள் 10 யார் முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து மாற்றாரைச் சேரும். அவ்வணியை நடத்திப் பந்தை எறிபவன் குவாட்டர்பாக் எனப்படுவான். தடுக்கும் அணியின் முன்வரிசையில் இரு கோடியிலும் நிற்போர் டிபென்சிவ் என்ட் எனப்படுவர். இவரை ஓரக்காவலர் என நாம் வழங்கலாம். பந்தோடு ஓடுவோனை ஓரத்தால் நழுவவிடாது மறித்தலும், எறிவோன் பந்தை விடுமுன் அவனை நிலத்தில் வீழ்த்தலும் இவர்தங் கடன். எறிவோன் பந்தைக் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் மூன்று விநாடியளவே. அதற்குள், 300 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையுடைய தடைவீரன் ஒருவனைக் காவலன் கடந்தாக வேண்டும்.

இனி, வாய்ப்பினைக் கணக்கிடுவாம். என். எவ். எல். எனப்படும் தொழின்முறைக் கூட்டமைப்பில் 32 அணிகள் உள. ஓரணிக்கு 53 வீரர். ஆண்டுக்கொருமுறை இவ்வணிகள் ஏழு சுற்றுக்களில் ஏறக்குறைய 250 அல்லது 260 இளைஞரைத் தெரிவு செய்கின்றன. உயர்தரப் பள்ளியை விட்டு மூன்றாண்டு கழியாதவன் இதற்கு உரியவனாகான். தகுதியுடைய கல்லூரி வீரருள் தெரிவு பெறுவோர் நூற்றுக்கு இருவர் தாமும் இல்லை. தெரிவு பெறாதோருட் சிலர் பின்னர்ச் சேர்க்கப்படுதலும் உண்டு. எனினும் வாயில் மிக ஒடுங்கியதே.

ஆயினும், அவ்வாயிலில் ஓரக்காவலனுக்கு மதிப்பு மிகுதி. எறிவோனே ஆட்டத்தின் உயிர் ஆதலின், அவனைக் கலங்கச் செய்வோனுக்கும் விலை உயர்ந்தது. 1985ஆம் ஆண்டிலே தெரிவில் முதலிடம் பெற்ற புரூஸ் சிமித் ஓரக்காவலரே. அவர் பின்னர் 200 முறை எறிவோரை வீழ்த்திப் பெரும்புகழ் ஈட்டினார். 2000, 2006, 2014, 2017, 2022 ஆகிய ஆண்டுகளிலும் முதலிடம் ஓரக்காவலர்க்கே கிடைத்தது.

தெரிவாளர் நோக்குவன யாவை? இந்தியானாபொலிஸ் நகரிலே ஆண்டுதோறும் இளைஞரை அழைத்து அளந்து பார்க்கின்றனர். 40 யார் ஓட்டம், அதிலும் முதற் 10 யாரைக் கடக்கும் விரைவு, 225 இறாத்தற் பாரத்தை எத்தனை முறை உயர்த்துகிறான் என்பது, கையின் நீளம் ஆகியன குறிக்கப்படும். கை 33 அங்குலத்துக்குக் குறையாதிருத்தலை விரும்புவர். நீண்ட கையன் மாற்றானின் மார்பை முதலில் எட்டுவான். முதலில் எட்டியவனே மற்றவனைத் தன் விருப்பப்படி தள்ளவும் திருப்பவும் வல்லவன்.

ஆனால் அளவுகோல் காட்டாதனவும் உள. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து வேணன் கோல்ஸ்ரன் 2007இல் 14 முறை எறிவோரை வீழ்த்தினார். 225 இறாத்தலை 37 முறை உயர்த்தினார். 2008இல் ஆறாமவராகத் தெரிவு பெற்றார். நியூ யோர்க் ஜெற்ஸ் அணியில் மூன்று பருவம் ஆடியும் ஒருமுறையேனும் எறிவோனை வீழ்த்தினாரல்லர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ரெறெல் சக்ஸ் 2002இல் 24 முறை வீழ்த்தியவர். ஆயினும் சோதனை ஓட்டத்திலே விரைவு போதாதெனப்பட்டார். 2003இல் பத்தாமவராகவே தெரிவு பெற்ற அவர், 17 பருவம் ஆடி 139 வீழ்த்தல்களைப் பெற்றார்.

றிச்சாட் டென்ற் என்பாரின் வரலாறு இன்னும் நினைக்கத் தக்கது. ரெனசி மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 1983இல் எட்டாஞ் சுற்றிலே 203ஆமவராகத் தெரிவு பெற்றார். பல் நோயினால் நன்கு உண்ண இயலாது மெலிந்திருந்தார். சிக்காகோ பெயர்ஸ் அணியினர் பல்லுக்கு வைத்தியஞ் செய்வித்தபின் உடல் தேறினார். 1986 சனவரியில் நடந்த சூப்பர் போல் இறுதியாட்டத்தில் அவரே சிறந்த வீரர் எனப் பரிசு பெற்றார். மெலிவைக் கண்டோர் பலர். அதன் காரணத்தைக் கேட்டோர் சிலரே.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? உடலும் விரைவும் வாயில் வரை கொண்டு செல்லும். உள்ளே நிலைபெறச் செய்வன கைத்திறம், மாற்றானின் அடியைப் படிக்கும் கூர்மை, கற்பிக்கப்படும் மனப்பான்மை என்பனவே. கல்லூரியில் வலிமை ஒன்றாலேயே வென்று பழகியவன், தன்னையொத்த வலியார் நடுவே சென்றதும் புதிதாகக் கற்றல் வேண்டும். கற்க நாணுபவன் அங்கே நில்லான்.

மூன்றாமாண்டின் முடிவிலே கல்லூரியை விடுவதா, நிற்பதா என்பதே இளைஞனுக்குரிய பெருஞ்சிக்கல். நின்றால் முழங்கால் முறியலாம். சென்றால் தெரிவு பெறாது போகலாம். முன்னாளில் வீட்டு வறுமை பலரை முந்தித் துரத்தியது. 2021 முதல் தம் பெயராலும் உருவத்தாலும் வருவாய் பெறவும், 2025 முதல் கல்லூரியிடமே நேராகப் பங்கு பெறவும் மாணாக்கர்க்கு இடமுண்டு. ஆகவே தங்கிப் பயிலும் துணிவு சிலர்க்கேனும் எளிதாயிற்று.

தொழிற் களத்திலே நெடுங்காலம் ஆடுவோர் மிகச் சிலர். பெரும்பாலோர் சில பருவங்களோடு நீங்குவர். முப்பது வயதுக்குமுன் ஆட்டம் முடிந்தவனுக்கு எஞ்சிய வாழ்நாள் நெடிது. அவனை அந்நாளில் தாங்குவது அவன் பெற்ற பட்டமும், களத்திலே பயின்ற ஒழுங்குமேயாம். நம் மாணாக்கர் எவ்வாட்டத்தை ஆடினும் முழுமனத்தோடு ஆடுக. பாடநூலையும் அம்மனத்தோடே விரிக்க. தெரிவாளர் அழைப்பினும் அழையாதுவிடினும், இவ்விரண்டும் பயின்றவன் வெறுங்கையனாகத் திரும்பான்.