கரை நீங்கும் கல்வி

பள்ளி மாணவர்கள் முதுகுப்பை சுமந்து மலையேறவும், துடுப்புப் படகு செலுத்தவும், திறந்தவெளியில் கூடாரம் அடித்துத் தங்கவும் செல்லும் சாகச முகாம்கள் இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றன. விடுமுறைக் கேளிக்கை போலத் தோன்றும் இம்முகாம்களுக்கு வழிகாட்டிய முயற்சியொன்று போர்க்காலத் துயரத்தில் பிறந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அட்லாண்டிக் பெருங்கடலில் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தன. உயிர்காப்புப் படகுகளில் ஏறியோர் குளிரிலும் பசியிலும் மிதக்க நேர்ந்தது. அவர்களுள் உடல் உரம் மிக்க இளைஞர்கள் மடிய, வயது முதிர்ந்த மாலுமிகள் பிழைத்து மீண்டதைக் கப்பல் நிறுவன உரிமையாளரான லாரன்ஸ் ஹோல்ட் கவனித்தார். இன்னலைத் தாங்கிப் பழகிய பட்டறிவும் அது தரும் தன்னம்பிக்கையும் இளையோரிடம் போதவில்லை என்பது அவர் கண்ட காரணம்.

இக்குறையைப் போக்க அவருக்குத் துணைநின்றவர் குர்ட் ஹான் என்னும் கல்வியாளர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்தமையால் 1933ஆம் ஆண்டு ஜெர்மனியில் சிறைப்பட்ட ஹான், விடுதலை பெற்றபின் பிரிட்டனுக்குச் சென்றார். 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். ஹோல்ட், ஹான் இருவரின் முயற்சியால் 1941இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான அபர்டவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி தோன்றியது. துறைமுகம் நீங்கிக் கடலை நோக்கிச் செல்லும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் வழக்கு அது. பள்ளிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்ப்பது அரிது.

ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த அப்பயிற்சியில் சிறுபடகு செலுத்துதல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழியறிதல், மீட்புப் பணி, கடற்பயணம், மலைத்தொடர்களைக் கடக்கும் நெடும்பயணம் ஆகியன இடம்பெற்றன. அவ்வூர் மக்களுக்குத் தொண்டு செய்வதும் பாடத்தின் ஒரு பகுதியே. மாலுமிகளை உருவாக்குவது மட்டும் இதன் நோக்கமாக இருக்கவில்லை. கடலைக் கருவியாகக் கொண்டு, எத்தொழிலுக்குச் செல்லும் இளைஞரையும் பண்படுத்தலாம் என்று ஹோல்ட் கருதினார். தொடக்கத்தில் ஆண்களுக்கே உரியதாக இருந்த இப்பயிற்சி 1951இல் பெண்களுக்கும் கிடைத்தது. பத்தாண்டுக் காலத் தாமதம் சற்று மிகையே.

முகாமில் மாணவர் எதிர்கொள்ளும் அச்சம் உண்மையானது. பாறையில் கயிற்றைப் பற்றித் தொங்குபவருக்குக் கீழே தெரியும் பள்ளம் வெறும் காட்சியன்று. ஆயினும் அக்கயிற்றின் வலிமையும் முடிச்சின் உறுதியும் முன்னரே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மாணவருக்கு அது துணிவின் களம். பயிற்றுநருக்கோ அது கணக்கின் களம். கணக்குத் தவறினால் நேர்வது யாது என்பதற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடா சான்றாக நிற்கிறது.

1993 மார்ச் 22 அன்று பள்ளி மாணவர் எண்மர், ஓர் ஆசிரியர், பயிற்றுநர் இருவர் எனப் பதினொருவர் கயாக் எனப்படும் சிறுபடகுகளில் அவ்விரிகுடாவில் புறப்பட்டனர். குறுகிய தொலைவுப் பயணம்தான். ஆசிரியரின் படகு மீண்டும் மீண்டும் கவிழ, பயிற்றுநருள் ஒருவர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். ஏனையோர் காற்றாலும் அலைகளாலும் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டனர். பயிற்றுநர்களுக்குப் போதிய அனுபவம் இல்லை. ஆபத்தை அறிவிக்கும் ஒளிக்குண்டுகளும் அவர்களிடம் இல்லை. மீட்புக் குழுவினர் சென்றடையும் முன் குளிர்ந்த நீரில் நெடுநேரம் தத்தளித்த மாணவருள் நால்வர் உயிரிழந்தனர். முகாமை நடத்திய நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகளை அதன் முன்னாள் பயிற்றுநர்கள் அதற்கு முந்தைய ஆண்டே கடிதம் மூலம் எச்சரித்திருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பாளர் சிறைத் தண்டனை பெற்றார்.

இறந்தோரின் பெற்றோர் ஓயவில்லை. அவர்களின் தொடர்ந்த முயற்சியின் விளைவாக 1995இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மலையேற்றம், நீர் விளையாட்டு, குகைப் பயணம் போன்றவற்றைக் கட்டணம் பெற்று நடத்தும் நிலையங்கள் ஆய்வுக்கு உட்பட்டு உரிமம் பெறுவதை அச்சட்டம் கட்டாயமாக்கியது.