தண்டவாளம் இல்லாத ரயில் நிலையமும் செந்தூல் பட்டறையும்

ஜார்ஜ்டவுன் ஃபெரி துறைக்கு அருகே, கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் சுங்கத்துறைக் கட்டடத்தைத் தெரியாத பினாங்குவாசி இருக்க மாட்டார். இன்றைக்கு அதன் பெயர் விஸ்மா கஸ்தாம். 1907-இல் கட்டி முடித்தபோது அது ரயில்வே கட்டடம். உள்ளே டிக்கெட் கொடுப்பார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படகு ஏறி, கடலைக் கடந்து, பிறையில்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். தீவுக்குள் அந்த ரயில் வந்ததே இல்லை. கொடிமலையில் 1923 முதல் ஓடும் ரயில் இரும்புவடத்தில் இழுபடுவது. அதன் கதை வேறு.

நம் குடும்பங்களில் பலருக்கு இந்த நாட்டோடு முதல் உறவு அந்தப் பாதையில்தான் தொடங்கியது. நாகப்பட்டினத்திலும் மதராசிலும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளிகள் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாள்களைக் கழித்துவிட்டுக் கரை சேர்ந்தார்கள். பேராக், சிலாங்கூர் தோட்டங்களுக்குப் போக வேண்டியவர்கள் பிறையில் ரயிலேறினார்கள்.

மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய எட்டு மைல் மட்டுமே. 1885 ஜூன் 1-இல் திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட பாதை. அதை அமைக்கச் சிலோனிலிருந்து 'பயனியர்' தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். பிறகு சிலாங்கூரிலும் சுங்கை ஊஜோங்கிலும் தனித்தனிப் பாதைகள் வந்தன. 1901-இல் பேராக், சிலாங்கூர் ரயில்வேக்களின் நிர்வாகம் ஒன்றாகி, கூட்டரசு மலாய் மாநில ரயில்வே உருவானது. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரையும், 1909-இல் ஜொகூர்பாரு வரையும் ரயில் ஓடியது. அகலம் எங்கும் ஒரே மீட்டர்தான்.

இந்தக் கம்பிச்சடக்கில் தமிழர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர், கெராணி நாற்காலிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர். பாதையில், வெயிலில், தமிழ்நாட்டுக் கூலிகள். சிலிப்பர் கட்டைக்கு அடியில் கல்லை இடித்து இறுக்குவது, ஆணியைச் சரிபார்ப்பது, புல் வெட்டுவது எல்லாம் மண்டோரின் கீழ் வேலை செய்த கேங் ஆட்களின் பொறுப்பு. ஒருவரை ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அழைத்துக்கொண்டது குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழம்பெருமை பேசும்போது இதை நாம் விட்டுவிடுகிறோம்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு படி இருந்தது. அதுதான் பட்டறை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. பிறையில் ஓடிய இன்ஜினாக இருந்தாலும் பெரிய பழுதுபார்ப்புக்கு அங்கேதான் போக வேண்டும். நீராவி இன்ஜின் என்பது ஓயாமல் தேயும் யந்திரம். பாய்லருக்குள் ஓடும் குழாய்களில் தண்ணீரின் உப்பு படிந்து கெட்டிப்படும். சூடு ஏறாது, குழாய் வெடிக்கவும் கூடும். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இன்ஜினைப் பிரித்து, கிரேனால் உடலைத் தூக்கி, சக்கரங்களைத் தனியே உருட்டிக்கொண்டு போவார்கள். சக்கரத்தின் வெளிவளையம் தேய்ந்திருந்தால் கடைசல் யந்திரத்தில் சீவிச் சமப்படுத்துவார்கள். ரொம்பத் தேய்ந்துவிட்டால் புது வளையத்தைப் பழுக்கச் சூடாக்கி விரியவைத்து மாட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு நம் ஊர்க் கொல்லர் இரும்புப் பட்டா போட்ட அதே முறை!

வார்ப்படச் சாலை, கொல்லுலை, பாய்லர் கொட்டகை, பெட்டி செய்யும் தச்சர் பகுதி என்று செந்தூல் ஒரு சிறு நகரம்போல இருந்தது. பாய்லர் தகட்டில் ரிவெட் அடித்தவர்களுக்குக் காது மந்தமாகிப் போவது சகஜம். உலகெங்கும் அந்தத் தொழிலுக்கு அப்படித்தான். ஆனால் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன் அங்கே ஃபிட்டராகவோ டர்னராகவோ ஆகலாம். தோட்டத்துக் கூலியின் வேலையும் வீடும் துரையின் கையில். பட்டறைத் தொழிலாளியின் கைத்தொழிலோ அவனோடு போகும். செந்தூலில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்குப் பட்டறை ஒரு முக்கியக் காரணம்.

ஜப்பானியர் காலம் இதையெல்லாம் புரட்டிப்போட்டது. சயாம்–பர்மா பாதைக்காகக் கிழக்குக்கரைப் பாதையிலும் மலாக்கா கிளையிலும் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரணப் பாதைக்குத் தோட்டப்புறங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் வடக்கே ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களை ஏற்றிப் போனதும் இதே மீட்டர் அகல ரயில்தான். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே மீது குண்டு வீசின. செந்தூல் பட்டறைக் கட்டடங்களில் பெரும்பகுதி சிதைந்தது.

போருக்குப் பின் பட்டறையை மீண்டும் எழுப்பினார்கள். கிளாஸ்கோவில் செய்த 56 வகை நீராவி இன்ஜின்கள் பிரதான பாதையில் ஓடின. முதலில் கரி, 1950களில் எண்ணெய். சுதந்திரம் கிடைத்த 1957-ஐ ஒட்டி டீசல் இன்ஜின்கள் வரத் தொடங்கின. பாய்லர் தொழில் தெரிந்தவர்களுக்கு வேலை மெல்லக் குறைந்தது.

தொழிலாளிகளுக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. எத்தனை வருஷம் உழைத்தாலும் பலர் நாள்கூலிகளாகவே இருந்தார்கள். நாள்கூலிகளை மாதச் சம்பளக்காரர்களாக மாற்ற வேண்டும் என்று கேட்டு 1962 இறுதியில் ரயில்வே தொழிலாளர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏறக்குறைய மூன்று வாரம் ரயில்கள் முடங்கின. மாதச் சம்பளம் என்றால் கடைக்காரரிடம் கடன் கிடைக்கும், பிள்ளைக்குப் பள்ளிச் செலவைத் திட்டமிடலாம். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்குத் தோட்டப் போராட்டங்களுக்குச் சமமான இடம் உண்டு என்பது என் கருத்து. நம் மேடைகளில் இதைப் பற்றிக் கேட்பதோ அபூர்வம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1967-இல் பிறைக்குப் பதிலாகப் பட்டர்வொர்த் நிலையம் வந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. அதிலும் ரயிலுக்கு இடமில்லை. 2009-இல் மத்தியப் பட்டறை பேராக்கில் பத்துகாஜாவுக்கு மாறியது. செந்தூல் ரயில்வே நிலத்தில் இப்போது அடுக்குமாடிகளும் பூங்காவும் இருக்கின்றன. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் நாடக அரங்கம் நடக்கிறது. நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே யார் என்ன வேலை செய்தார்கள் என்று தெரிய வாய்ப்பில்லை.

கட்டடங்களுக்கு ஆண்டும் பெயரும் எழுதிவைக்கிறார்கள். ஃபிட்டரின் பெயர் எங்கே இருக்கும்? பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான். சர்வீஸ் புத்தகம், சங்க அட்டை, ரயில்வே பாஸ், பட்டறை வாசலில் எடுத்த குழுப்படம். வேலைக்குச் சேர்ந்த தேதி, தொழில், சம்பளம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் கிடைப்பது தோட்டத் தொழிலாளி வீட்டில் அரிது. ரயில்வே குடும்பத்தில் கிடைக்கக்கூடும். தாத்தா பிறையிலோ செந்தூலிலோ வேலை பார்த்தவர் என்றால், வீடு மாற்றும்போது அந்தத் தாள்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லப் பாட்டி இருந்தால், பெயர்களைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.