கடல்நீர் கலந்த ஒயின்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடி ஓடுகள் கிடைத்தன.

அவற்றில் பல, கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் சாடிகளைச் சேர்ந்தவை. இரட்டைத் தண்டாக அமைந்த கைப்பிடியே அடையாளம். கோஸ் தீவினர் திராட்சைச் சாற்றில் கடல்நீர் கலந்தார்கள். சரக்கு எளிதில் கெடாது. உயர்ரகம் அல்ல, அன்றாடம் குடிக்கும் ஒயின்தான். அதே சுவையை இத்தாலியத் திராட்சையில் கொண்டுவரும் முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதிவைத்தார்.

தமிழில் இருக்கும் சான்று இன்னும் அழகு. யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, அருந்தி மகிழ்ந்திருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புறநானூற்றின் 56ஆம் பாடல் அது.