விளக்கைத் 'திறக்கும்' மாணவர்கள்

விளக்கைப் போடச் சொல்ல நினைக்கும் சீன மாணவர், 'ஓப்பன் த லைட்' என்பார். ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். ஆனால் அந்தத் தவறுக்குள் ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது.

சீனத்தின் 'காய்' என்ற வினைக்கு 'ஓப்பன்' என்றுதான் பள்ளியில் பொருள் சொல்லித் தருகிறார்கள். கதவைத் திறப்பதும் விளக்கைப் போடுவதும் 'காய்'தான். கார் ஓட்ட, கூட்டம் நடத்த, டாக்டர் மருந்து எழுதித் தர, பூ மலர என எல்லாவற்றுக்கும் அதே சொல். கொதித்த தண்ணீரும் 'காய் ஷுயி'தான். வெந்நீர் பிடிக்கும் அறையின் வாசலில் 'ஓப்பன் வாட்டர்' என்று பலகை மாட்டியது இப்படித்தான். இத்தகைய பலகைகளைத் திருத்த, பொது இடங்களில் ஆங்கிலம் எழுதுவதற்கான தேசிய வழிகாட்டு விதிகள் 2017 டிசம்பரில் சீனாவில் நடைமுறைக்கு வந்தன.

'காய்' என்பதைக் குறிக்கும் சீன எழுத்தின் பழைய வடிவம் அழகானது. இரட்டைக் கதவு, குறுக்கே ஒரு தாழ்க்கட்டை, அதை அகற்றும் இரண்டு கைகள். 1950களில் எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவை எடுத்துவிட்டார்கள். தைவானிலும் ஹாங்காங்கிலும் எழுதும்போது கதவு இன்னும் உண்டு.

சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலத்திலோ 'ஓப்பன் த லைட்' அன்றாட வழக்கு. அங்குள்ள தமிழர்களுக்கும் பழகிய தொடர்தான்.

தேர்வுக்கு எழுதும் சீன மாணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலான மாகாணங்களில், 'காவ்காவ்' எனும் கல்லூரி நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்களில் 150 ஆங்கிலத்துக்கு. கல்லூரிக்குப் போனால் 1987 முதல் நடந்துவரும் ஆங்கிலத் தகுதித் தேர்வு காத்திருக்கிறது. அதனால் சொற்பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள்: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் சீனப் பொருள். இந்த இரண்டு பத்திப் பட்டியல்தான் கோளாறின் வேர் என்பது என் உறுதியான எண்ணம். 'ஓப்பன்' எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும், எதோடு சேராது என்பதை அது சொல்வதே இல்லை. கதவு, பெட்டி, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு சேர்த்தும், விளக்குக்கும் மின்விசிறிக்கும் 'டர்ன் ஆன்' என்றும் தொடராகக் கற்பித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி ஆங்கிலத்தின் குறும்பு. கடை திறந்திருந்தால் 'ஓப்பன்' போதும், 'ஓப்பன்ட்' வேண்டாம். மூடியிருந்தால் மட்டும் 'க்ளோஸ்ட்' என்று வால் ஒட்ட வேண்டும். 'க்ளோஸ்' என்று நிறுத்தினால் கடை பக்கத்தில் இருப்பதாகப் பொருள் மாறிவிடும். சீன வினைகள் இப்படி உருமாறுவதில்லை, ஆகவே விதி சொன்னாலும் எளிதில் பதியாது. கடைக் கதவில் திருப்பித் திருப்பி மாட்டும் பலகையை வகுப்புக்கே எடுத்து வந்து, இருபக்கமும் காட்டிவிடலாம்.